சாணத்திற்கும் ஜாதியா?

எளாவூர்ப் பக்கத்தில் கொஞ்ச நாளைக்கு முன் விவசாயிகளுக்கு "மண் வளப் பயிற்சி" என்பதாக ஒன்று நடந்தது. நடத்தியவர்கள் யார் என்பது இங்கு முக்கியமல்ல. யாரிடத்திலும் நமக்குத் தனி விரோதம் கிடையாது. ஆகாயத்தில் மிஞ்சிப் போன கரியை மறுபடியும் மண்ணுக்குள் கொண்டு வருவது எப்படி என்று சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நல்ல காரியமாயிற்றே என்று நாமும் போயிருந்தோம்.

காலை எட்டு மணிக்கு வகுப்பு என்றார்கள். எட்டு மணிக்கு ஆரம்பமானது வகுப்பல்ல, கோபூஜை. ஒரு நாட்டுப் பசுவைக் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் இட்டு, மாலை போட்டு நிறுத்தி, புரோகிதர் ஒருவர் நமக்கும் புரியாத, பசுவுக்கும் புரியாத பாஷையில் ஒரு மணி நேரம் ஓதினார். பிறகு பூமி பூஜை. அதற்கும் பிறகு, ஒரு செப்புச் சட்டியில் வறட்டியும் நெய்யும் அரிசியும் போட்டுக் கொளுத்தி, இந்தப் புகை பயிருக்கு அமிர்தம் என்றார்கள். ஆகாயத்தில் கரிப்புகை அதிகமாகிவிட்டது, அதைக் குறைக்க வேண்டும் என்று சொல்ல வந்தவர்கள், முதற்காரியமாகச் செய்தது புகை போட்டது! பதினொரு மணிக்கு மேல்தான் மண்ணைப் பற்றிய பேச்சே வந்தது. அதிலும் பாதி நேரத்தைப் பசுவின் மகிமை எடுத்துக்கொண்டது.

இதைவிட நம் மனதைப் புண்படுத்தியது வேறொன்று. வகுப்புக்கு வேண்டிய சாணத்தைக் கூடை கூடையாய்ச் சுமந்து வந்தவர்களும், தழை வெட்டி வந்தவர்களும், தொட்டியில் கை விட்டுக் கலக்கியவர்களும் காலனியிலிருந்து வந்த பெண்கள். கலக்கி முடிந்ததும் அவர்கள் பந்தலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பந்தலுக்குள் நாற்காலிகளில் பட்டாதாரர்கள். சாயங்காலம் சர்ட்டிபிகேட் கொடுக்கும்போது பட்டா நம்பர் எழுதிக் கொடுத்தவர்கள் பெயர்களை மாத்திரம் வாசித்தார்கள். வெளியே இருந்த ஒரு வயதான அம்மாளை, "ஏம்மா, உங்களுக்குச் சர்ட்டிபிகேட் கிடையாதா?" என்று கேட்டோம். "எங்களுக்கு எதுக்குய்யா? சாணி கலக்க எங்களுக்கு யார் கத்துக் குடுக்கணும்?" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நமக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஏனென்றால், பயிற்சியின் விஷயம் உண்மையில் நல்ல விஷயம். நம் பக்கத்து மண்ணுக்கு அவசியமான விஷயமுங்கூட. நல்ல விஷயத்தைக் கெட்ட பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்தால், குடித்தவனுக்குப் பாத்திரத்தின் விஷம்தான் ஏறும். ஆதலால் விஷயம் வேறு, வேஷம் வேறு என்று பிரித்துக் காட்டுவது நம் கடமை என்று கருதி இதை எழுதுகிறோம்.

கரி என்பது என்ன?

கரி என்பது பூதமோ பிசாசோ அல்ல. தராசில் நிறுக்கக்கூடிய ஒரு வஸ்து. காற்றில் அது கரியமிலவாயுவாக இருக்கிறது. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன், பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்காக இருந்த அந்த வாயு இன்று 420க்கு மேல் போய்விட்டது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்ததும், காடுகளை அழித்ததும், நிலத்தை ஓயாமல் உழுது புரட்டியதும் இதற்குக் காரணங்கள். வெயில் ஏறுவதும் பருவமழை தாறுமாறாவதும் இதன் பலன்கள்.

இந்த வாயுவை இலை உள்ளே இழுக்கிறது. சூரிய வெளிச்சத்தைக் கொண்டும் வேர் கொடுத்த தண்ணீரைக் கொண்டும் அதைச் சர்க்கரையாக மாற்றுகிறது. அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கை வேர் மண்ணுக்குள் கசிய விடுகிறது. அதைத் தின்று கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை விடுகிற பசையும், செத்த உடல்களும், மக்கிய வேரும் இலையும் மண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அதுதான் மண்ணின் கரி. மண் கறுப்பாய், பொலபொலப்பாய், மழைத் தண்ணீரைப் பிடித்து வைப்பதாய் இருப்பதற்கு அதுவே காரணம். உலகத்து மண்ணில், ஒரு மீட்டர் ஆழத்துக்குள் மாத்திரம், சுமார் 1,50,000 கோடி டன் இத்தகைய கரி இருக்கிறது என்று விஞ்ஞானிகள் மதிப்பிடுகிறார்கள். காற்றில் இருப்பதைவிட இது அதிகம்.

நம் மண்ணின் நிலைமை என்ன? 2015ல் சர்க்கார் ஆரம்பித்த மண் வள அட்டையில், அங்ககக் கரி என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் நூற்றுக்கு அரைப் பங்குக்குக் கீழே இருந்தால் "குறைவு" என்று எழுதுவார்கள். நம் தேசத்தில் பெரும்பாலான வயல்களின் கதி இந்தக் "குறைவு"தான். திருவள்ளூர் ஜில்லாவில் இதற்குமேல் இன்னொரு கேடும் உண்டு. செங்கல் சூளைக்காக மேல் மண்ணை வழித்து விற்றுவிடுகிறார்கள். மண்ணின் கரியில் பெரும்பங்கு அந்த மேல் மண்ணில்தான் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாய்ச் சேர்ந்ததை லாரிக் கணக்கில் விற்றுவிட்டு, பிறகு பசுவின் காலில் விழுந்தால் பசு என்ன செய்யும்?

இதை அறிய மந்திரம் வேண்டியதில்லை. வயலிலிருந்து ஒரு காய்ந்த மண்கட்டியையும், வேலி ஓரத்தில் உழாமல் கிடக்கும் புல் தரையிலிருந்து ஒரு மண்கட்டியையும் எடுத்து, இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கரி இல்லாத கட்டி உடனே கரைந்து சேறாகும். கரி உள்ள கட்டி நெடுநேரம் கரையாமல் நிற்கும். இன்னொரு சோதனை: ஒரு முழம் வெள்ளைப் பருத்தித் துணியை வயலில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, இரண்டு மாதம் கழித்துத் தோண்டிப் பாருங்கள். உயிருள்ள மண் துணியைத் தின்றிருக்கும். செத்த மண் துணியை அப்படியே வைத்திருக்கும். சுவிட்சர்லாந்தில் 2021ல் இதே சோதனைக்காக ஆயிரம் இடங்களில் ஜனங்களைக் கொண்டு பருத்தி உள்ளாடைகளைப் புதைக்கச் செய்தார்கள். அந்த நாட்டு விஞ்ஞானிகள் உள்ளாடையைப் புதைத்து உண்மையைக் கண்டார்கள். நம் ஊர்ப் பயிற்சிக்காரர்கள் நெய்யை எரித்து உண்மையைப் புதைக்கிறார்கள்.

சாணத்தின் ஜாதி

பயிற்சியில் சொன்னது: நாட்டுப் பசுவின் சாணம்தான் உத்தமம். சீமைப் பசுவின் சாணம் உதவாது. எருமைச் சாணத்தைத் தொடவே கூடாது.

தோழர்களே! மனிதனுக்கு ஜாதி வைத்தார்கள். கிணற்றுக்கு ஜாதி வைத்தார்கள். சுடுகாட்டுக்கும் வைத்தார்கள். இப்பொழுது சாணத்திற்கும் ஜாதி வைக்கிறார்கள்! எருமை கறுப்பாயிருக்கிறது, யாரும் அதற்கு மாலை போடுவதில்லை, ஆகையால் அதன் சாணம் தீட்டு. எருமைப் பால் காப்பிக்கு ஆகும், தயிருக்கு ஆகும், நெய்யாய் உருக்கி ஹோமத்தில் விடுவதற்குங்கூட ஆகும். சாணம் மாத்திரம் வயலுக்கு ஆகாது! வைக்கோல் தின்கிற எந்த மிருகத்தின் சாணமும் மக்கினால் எருவாகும் என்பது பயிர் வைக்கிற யாருக்கும் தெரிந்த சங்கதி. தமிழ்நாட்டுக் குடியானவன் ஆட்டுக் கிடை போட்டு வயலை வளப்படுத்தியது எந்தச் சாஸ்திரத்தைக் கேட்டு? ஆடு எந்தத் தேவதை? நுண்ணுயிருக்கு மிருகத்தின் கோத்திரம் தெரியுமா?

அடுத்தது, ஒரு நாட்டு மாடு இருந்தால் 30 ஏக்கருக்குப் போதும் என்கிற வாதம். செலவில்லா இயற்கை விவசாயம் என்ற பெயரில் சுபாஷ் பாலேக்கர் பரப்பியது இது. அவருக்கு 2016ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. 2019ல் மத்திய சர்க்காரின் பட்ஜெட் பிரசங்கத்திலேயே இந்த முறை புகழப்பட்டது. அதே வருஷம் தேசிய வேளாண் விஞ்ஞானக் கழகம், இதற்குத் தக்க ருஜு இல்லை என்று சொல்லிற்று. விஞ்ஞானிகள் சொன்னதும் இருக்கட்டும். நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு மாடு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். வருஷத்துக்கு 3,650 கிலோ. இதில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். மிச்சம் உலர்ந்தது 730 கிலோ. இதை 30 ஏக்கருக்குப் பங்கு போட்டால் ஏக்கருக்கு 24 கிலோ. அதில் கரி, தாராளமாக வைத்தாலும், 10 கிலோ. இனி மண்ணின் தேவையைப் பாருங்கள். ஒரு ஏக்கரில் உழவு ஆழமான அரை அடி மண்ணின் எடை சுமார் 9 லட்சம் கிலோ. அதில் கரியை நூற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1, உயர்த்த வேண்டுமென்றால் 900 கிலோ கரி மண்ணில் தங்க வேண்டும். 900 எங்கே, 10 எங்கே? போட்டதெல்லாம் துளியும் வீணாகாமல் தங்குவதாக வைத்துக்கொண்டாலுங்கூடத் தொண்ணூறு வருஷம் ஆகும். உண்மையில் போட்டதில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று மூச்சாய் விட்டுவிடும்.

"அது உரமல்ல, உறை மோர் மாதிரி, நுண்ணுயிர்களைப் பெருக்குவதற்காக" என்று அவர்கள் பதில் சொல்லுவார்கள். சரி, உறை மோர் என்றே ஒப்புக்கொள்ளுவோம். பால் எங்கே? உறை மோரை வெறும் சட்டியில் ஊற்றினால் தயிர் வருமா? அந்தப் பால்தான் தழை, வைக்கோல், வேர், மக்கிய குப்பை. சணப்பையையோ தக்கைப்பூண்டையோ விதைத்து, நாற்பத்தைந்து நாளில் பூக்கிற பருவத்தில் மடக்கி உழுதால், ஏக்கருக்கு எட்டு டன் வரை பச்சைத் தழை மண்ணுக்குள் போகும். அதன் வேர் முடிச்சு காற்றிலுள்ள தழைச்சத்தையும் பிடித்து வைக்கும். சால் விட்டு மேலாக உழுவது, நிலத்தை வெறுமையாய்க் காய விடாமல் மூடாக்குப் போடுவது, அறுவடைக்குப் பின் பயறோ உளுந்தோ விதைப்பது, வரப்பில் கிளைரிசிடியாவும் அகத்தியும் வைப்பது, வைக்கோலையும் சருகையும் கொளுத்தாமல் மக்க வைப்பது — மண்ணில் கரி சேர்க்கும் வித்தை இவ்வளவே. இதில் எந்த இடத்தில் புரோகிதருக்கு வேலை?

இதிலும் பகுத்தறிவு வேண்டும். பச்சை வைக்கோலை அப்படியே தண்ணீர் தேங்கிய நெல் வயலில் அமுக்கினால், அது காற்றில்லாமல் அழுகி மீதேன் என்கிற வாயுவை விடும். நூறு வருஷக் கணக்கில் அது கரியமிலவாயுவைப் போல் இருபத்தைந்து மடங்குக்கு மேல் சூட்டை ஏற்றக்கூடியது. ஆகவே வைக்கோலை மக்க வைத்துப் போடு, தண்ணீரை விட்டு விட்டுக் கட்டு என்று கற்றுக் கொடுக்க வேண்டும். நாம் இருந்த பயிற்சியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. மீதேனுக்கு ஸ்தோத்திரம் இல்லை போலும்!

நம்மவர் செய்யும் பிசகு

இது ஒருபுறமிருக்க, நம் இயக்கத்தில் ஈடுபாடுள்ள சில வாலிபர்கள், "யூரியாதான் விஞ்ஞானம், எரு, தழை என்பதெல்லாம் பழைய மூடப் பேச்சு" என்கிறார்கள். இது தப்பு. பசுவின் பெயரால் புரளி பேசுகிறவனிடமுள்ள கோபத்தில் எருவின் பேரில் விரோதம் கொள்ளுவது அறிவுடைமையாகாது.

காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து உரமாக்கும் முறையை ஜெர்மனியில் ஹாபர் என்பவர் 1909ல் செய்து காட்டினார். அதனால் கோடிக்கணக்கான ஜனங்கள் சோறு தின்கிறார்கள். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் யூரியாவில் தழைச்சத்துத்தான் மண்ணுக்குப் பயன்படும். மண்ணில் தங்கக்கூடிய கரியை அது கொடுக்காது. மேலே யூரியாவைப் போட்டுக்கொண்டே, வைக்கோலையும் சாணத்தையும் வெளியே எடுத்துக்கொண்டே இருந்தால் மண் வெறும் மணலாகும் என்பதும் விஞ்ஞானந்தான். 1893லேயே வோல்க்கர் என்ற ஆங்கில ரசாயன நிபுணர் இந்திய விவசாயத்தைச் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கையில், சாணத்தை விறகுக்குப் பதிலாய் எரித்து விடுகிறார்கள், விறகுக்கு வேறு வழி செய்தால் எரு நிலத்துக்குப் போகும் என்று யோசனை சொன்னார். இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் என்பவர் குப்பையை மக்க வைக்கும் முறையைப் பல வருஷம் சோதித்து வகுத்தார். இவர்களில் யாரும் சாணத்துக்கு முன் கற்பூரம் கொளுத்தவில்லை.

மற்றொரு பக்கத்து ஆபத்தையும் பாருங்கள். இலங்கையில் 2021ல் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடுத்தார்கள். குடியானவனுக்குப் பயிற்சி இல்லை, மாற்று எரு தயாராயில்லை, மண் தயாராயில்லை. நெல் விளைச்சல் விழுந்தது. தேயிலையும் விழுந்தது. அதே வருஷக் கடைசிக்குள் உத்தரவை வாபஸ் வாங்க நேர்ந்தது. அங்கே சிங்களவரும் தமிழரும் ஒன்றாகப் பட்டினியைப் பார்த்தார்கள். பயிற்சியில்லாத பக்தி வயலுக்குள் புகுந்தால் நடப்பது இதுதான்.

இதற்கு நேர்மாறான உதாரணம் வெகு தூரத்தில் இல்லை. எளாவூர்ச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஆந்திரா. அங்கே 2016 முதல், சர்க்கார் அமைத்த ரைது சாதிகார சம்ஸ்தா என்னும் ஸ்தாபனம் கிராமம் கிராமமாய் இந்த விவசாயத்தைக் கற்றுக் கொடுத்து வருகிறது. அவர்களும் சாணக் கரைசல் தெளிக்கிறார்கள். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அவர்களுடைய பலம் இரண்டு விஷயங்களில் இருக்கிறது. ஒன்று, பெண்கள் சுய உதவிக் குழுக்களின் மூலமாக, செய்து பார்த்த விவசாயியே அடுத்த விவசாயிக்கு ஆசிரியராகிறார். இரண்டு, மழைக்கு முன்பே பலவகை விதைகளைக் கலந்து விதைத்து, வருஷம் முந்நூற்றறுபத்தைந்து நாளும் நிலத்தைப் பச்சையாய் வைக்கப் பார்க்கிறார்கள். 2024ல் போர்ச்சுகல் தேசத்துக் குல்பென்கியன் பரிசு, மண் விஞ்ஞானி ரத்தன் லாலுக்கும், எகிப்திலுள்ள ஒரு ஸ்தாபனத்துக்கும், இந்த ஆந்திர வேலைக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. லாரிகள் தாண்டுகிற எல்லையைப் புத்தி தாண்டக்கூடாதா?

பயிற்சி யாருக்கு?

இனி முக்கிய விஷயத்துக்கு வருவோம். பயிற்சி என்றால் வேலை செய்கிறவருக்கு அல்லவா பயிற்சி? 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் சாகுபடி செய்பவர்கள் என்று எழுதப்பட்டவர்கள் சுமார் 42 லட்சம். விவசாயக் கூலிகள் சுமார் 96 லட்சம். கூலிகளுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாதவருக்குப் பயிற்சி இல்லை. ஆக, மண்ணைத் தொடுகிறவரில் பெரும்பாலோரை வெளியே நிறுத்திவிட்டுத் தொடாதவருக்கு மண்ணைப் பற்றிப் பாடம்!

மநு தர்ம சாஸ்திரத்தின் பத்தாவது அத்தியாயத்தில் உழவுத் தொழில் இழிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இரும்பு நுனி கொண்ட கலப்பை பூமியையும் அதிலுள்ள பிராணிகளையும் வதைக்கிறதாம். ஆகையால் நல்லோர் அதைப் பழிக்கிறார்களாம். உழுகிறவனை இழிந்தவன் என்று எழுதி வைத்த கூட்டத்தின் பெயரால் ஓத வந்தவர்கள் இன்று உழவனுக்குப் பூமி பூஜை செய்துவைக்கத் தட்சிணை வாங்குகிறார்கள். உழவு பாவம், உழவுக்குப் பூஜை புண்ணியம்! இரண்டிலும் லாபம் யாருக்கு என்று யோசியுங்கள்.

நிலம் ஏன் அந்தப் பெண்களின் பெயரில் இல்லை? எளாவூர் அன்றைக்குச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லாவின் கலெக்டராயிருந்த திரமென்ஹீர் 1891ல் ஆதிதிராவிட மக்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை அனுப்பினார். அதன் பேரில் 1892 முதல் அம்மக்களுக்கென்று நிலம் ஒதுக்க உத்தரவாயிற்று. மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் வரை அப்படி ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பஞ்சமி நிலம் என்பது அதுதான். மற்றவர்களுக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம், இன்று எத்தனை ஏக்கர் அம்மக்கள் கையில் இருக்கிறது? அதைக் கேட்டு 1994ல் செங்கற்பட்டுப் பக்கம் காரணையில் கிளர்ச்சி செய்தபோது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போயிற்று. பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டுமென்று 1929ல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு தீர்மானித்தது. அது தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை அறுபது வருஷம் ஆயிற்று. சட்டம் வந்த பிறகும் பட்டாவில் பெண் பெயர் ஏறவில்லை. 2015–16 விவசாயக் கணக்கில் இந்திய தேசத்துச் சாகுபடி நிலக் கணக்குகளில் நூற்றுக்குச் சுமார் 14 மாத்திரமே பெண்கள் பெயரில் இருந்தன.

ஆகவே "பட்டா உள்ளவருக்குப் பயிற்சி" என்பது மேலுக்கு ஆபீஸ் நிபந்தனையாய்த் தோன்றினாலும், உள்ளே அது ஜாதி நிபந்தனை, ஆண் நிபந்தனை. வேப்ப மரத்தடியில் சிரித்த அந்த அம்மாளை வெளியே நிறுத்தியது வெறும் பந்தல் கயிறு அல்ல. நூற்றாண்டுக் கயிறு.

கரி வியாபாரம்

இப்பொழுது இதில் பணமும் வந்து சேர்ந்திருக்கிறது. மண்ணில் கரியைச் சேர்த்ததற்குப் பத்திரம் எழுதி, அதைப் புகை விடுகிற கம்பெனிக்காரருக்கு விற்கலாமாம். மத்திய விவசாய இலாகா 2024 ஜனவரியில் இதற்காக ஒரு திட்டக் குறிப்பும் வெளியிட்டது. ஒரு ஏக்கரில் நாம் மேலே சொன்ன 900 கிலோ கரி ஏறினால், அது காற்றிலிருந்து 3,300 கிலோ கரியமிலவாயுவை எடுத்ததற்குச் சமம். அதற்கு இத்தனை ரூபாய் என்பது பேரம்.

இதில் மூன்று கேள்விகள் கேட்கிறோம். முதலாவது, பணம் யாருக்கு? நிலச் சொந்தக்காரர் சென்னையில் இருப்பார். குத்தகைக்காரர் பேச்சு வார்த்தையிலே குத்தகை வைத்திருப்பார். தழை சுமப்பவர் இருளர் வீட்டுப் பெண்ணாயிருப்பார். பத்திரம் சென்னைக்காரர் பெயருக்குப் போகும். கரி சேர்த்த முதுகுக்கு ஒரு காசும் இல்லை. இரண்டாவது, கரி நிலைக்குமா? பத்து வருஷம் சேர்த்த கரியை, அந்த நிலத்தை மனையாகப் பிரித்தால், அல்லது மேல் மண்ணைச் சூளைக்கு விற்றால், ஒரே நாளில் இழந்துவிடலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி நிலத்தின் விலை ஏறுகிற வேகத்தில், யார் பத்து வருஷத்துக்கு ஜாமீன் தருவார்? மூன்றாவது, புகை என்னாகும்? இரும்பை உருக்குகிற இடத்திலிருந்து வருவது கரியமிலவாயு மாத்திரமல்ல. தூசியும் கந்தகப் புகையுங்கூட. எங்கேயோ ஒரு வயலில் கரி சேர்த்த பத்திரத்தைச் சுவரில் மாட்டிவிட்டால், இங்கே குழந்தையின் இருமல் நின்றுவிடுமா? பாவம் செய்துவிட்டுப் பரிகாரச் சீட்டு வாங்குவதை மதத்தில் நாம் கண்டித்தோம். வியாபாரத்தில் வந்தால் வணங்குவோமா?

2015ல் பாரிஸ் மாநாட்டில், உலகத்து மண்ணின் கரியை வருஷம் ஆயிரத்துக்கு நாலு பங்கு உயர்த்த வேண்டும் என்று ஒரு முயற்சி ஆரம்பமாயிற்று. நல்ல லட்சியம். ஆனால் மண் ஒரு எல்லைக்கு மேல் கரியை ஏற்காது, நம்மைப் போன்ற உஷ்ணப் பிரதேசத்தில் கரி சீக்கிரம் கரைந்தும் போகும் என்று மண் விஞ்ஞானிகளே சொல்லுகிறார்கள். ஆகையால் மண்ணில் கரி சேர்ப்பது புகையைக் குறைப்பதற்குப் பதிலாகாது. அது முதலில் குடியானவனுக்காக: மழை தப்பினாலும் ஒரு வாரம் ஈரம் நிற்பதற்காக, உரச் செலவு குறைவதற்காக, அடுத்த தலைமுறைக்கு மண் மிஞ்சுவதற்காக.

நாம் கேட்பது

சர்க்காரிடம் பணம் இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டு சர்க்கார் 2024–25ல் "மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்" என்ற திட்டத்துக்கு 206 கோடி ரூபாய் அறிவித்தது. அதில் பசுந்தாள் விதைக்கும் பணம் உண்டு. மத்திய சர்க்கார் 2024 நவம்பரில் தேசிய இயற்கை விவசாய இயக்கத்துக்கு 2,481 கோடி ரூபாய் ஒப்புக்கொண்டது. திரூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான நிலையம் இருக்கிறது. பணமும் இருக்கிறது, படித்தவர்களும் இருக்கிறார்கள். வகுப்பின் வாசல்தான் குறுகலாயிருக்கிறது.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவே. பயிற்சிக்குப் பட்டாவைக் கேட்காதே, கையைக் கேள். வேலை செய்கிற கூலிக்காரப் பெண்ணும், வாய்க் குத்தகைக்காரரும், இருளரும் முதல் வரிசையில் உட்காரட்டும். பயிற்சி நாளுக்கு அன்றைய கூலியைக் கொடு. பட்டினியோடு பாடம் ஏறாது. வகுப்பைக் கல்யாண மண்டபத்தில் வைக்காமல் வயலில் வை. ஆரம்பத்தில் மண்ணைச் சோதித்து எழுது, மூன்று வருஷம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் சோதித்து எழுது, இரண்டையும் பஞ்சாயத்துச் சுவரில் எல்லோரும் பார்க்க ஒட்டு. சர்க்கார் பணத்தில் நடக்கும் வகுப்பில் கோபூஜையும் ஹோமமும் கூடாது. வேண்டியவர் தம் வீட்டில், தம் நெய்யில் செய்துகொள்ளட்டும். கரிப் பத்திரத்தில் பணம் வருமானால், கூலி செய்தவருக்கும் குத்தகைக்காரருக்கும் பங்கு எழுதி வை. பஞ்சமி நிலத்தை உரியவர்க்கு மீட்டுக் கொடு. சொந்த நிலத்தில் சேர்க்கிற கரிக்குத்தான் ஒருவருக்கு உள்ளபடி அக்கறை பிறக்கும்.

வாசகர்களே! உங்கள் ஊரில் அடுத்த தடவை இப்படிப் பயிற்சி நடந்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள். தாராளமாகப் போங்கள். போகும்போது காலனியிலிருந்தும் இருளர் குடியிருப்பிலிருந்தும் நாலு பெண்களை உடன் அழைத்துப் போய் உள்ளே நாற்காலியில் உட்கார வையுங்கள். கையில் இரண்டு மண்கட்டியும் இரண்டு டம்ளரும் எடுத்துப் போங்கள். புரோகிதர் ஓத ஆரம்பித்தால் டம்ளரில் மண்கட்டியைப் போட்டு எதிரே வையுங்கள். மந்திரம் முடிகிறதற்குள் எந்தக் கட்டி கரைகிறது, எந்தக் கட்டி நிற்கிறது என்று எல்லோரும் பார்க்கட்டும். பிறகு அந்த வயதான அம்மாளை எழுப்பிப் பேசச் சொல்லுங்கள். எந்தத் தழை எத்தனை நாளில் மக்கும், எந்த வயல் எந்த மாதத்தில் வெடிக்கும் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்ததையும் விஞ்ஞானிக்குத் தெரிந்ததையும் ஒரே பந்தலில் சேர்த்து வைக்கிற நாளில்தான் நம் பக்கத்தில் பயிற்சி என்பது ஆரம்பமாகும். அதுவரையில் நடப்பது பயிற்சியல்ல, பூஜை.